தோட்டத்து ரயிலுக்கு பேட்டரி, ரிமோட்: எதை முதலில் வாங்குவது?

வயர் இல்லாத மவுஸ் ஒன்றை உங்கள் கம்ப்யூட்டருக்கு வாங்கியிருக்கிறீர்களா? அப்படியானால் இந்தக் கட்டுரையின் பாதி ஏற்கெனவே உங்கள் மேஜை மேல் இருக்கிறது. மவுஸின் வயிற்றில் ஒரு பேட்டரி. கம்ப்யூட்டரின் யுஎஸ்பி போர்ட்டில் நகம் அளவுக்கு ஒரு ரிசீவர். இரண்டுக்கும் நடுவில் 2.4 கிகாஹெர்ட்ஸ் ரேடியோ அலை. இதே மூன்று சரக்கை வைத்துக்கொண்டு வீட்டுத் தோட்டத்தில் ஒரு மாடல் ரயிலை ஓட்டலாம். கட்டளை அனுப்பும் வேலை உங்கள் கையில் உள்ள ரிமோட்டுக்கு. அதை வாங்கி மோட்டாரை ஓட்டும் வேலை இன்ஜினுக்குள் இருக்கும் ரிசீவருக்கு.

வீட்டுக்கு வெளியே, மண்ணிலும் செடிகளுக்கு நடுவிலும் ஓடும் இந்த மாடல் ரயிலுக்கு கார்டன் ரயில்வே என்று பெயர். ஜெர்மனியின் எல்ஜிபி 1968-ல் இந்த அளவு ரயில்களை விற்பனைக்குக் கொண்டுவந்தது. இரண்டு தண்டவாளங்களுக்கும் இடையே 45 மில்லிமீட்டர். அசல் ரயிலை 22.5 மடங்கு சுருக்கிச் செய்த அளவு. விழுப்புரம், திண்டிவனம் பக்கத்து வாசகர்கள் இந்த இரண்டு எண்களையும் கொஞ்சம் கவனியுங்கள். கம்ப்யூட்டரில் கால்குலேட்டரைத் திறந்து 45-ஐ 22.5-ஆல் பெருக்குங்கள். 1012.5 மில்லிமீட்டர் வருகிறதா? ஏறக்குறைய ஒரு மீட்டர். ஆமாம், நம் மீட்டர் கேஜ்!

1879-ல் திறக்கப்பட்ட விழுப்புரம் - புதுச்சேரி பாதையும், 1960-களில் தாம்பரத்திலிருந்து விழுப்புரம் வரை மின்மயமான மெயின் லைனும் மீட்டர் கேஜாக இருந்தவைதான். திண்டிவனம் ஸ்டேஷனைக் கடந்து சென்ற ஜப்பான் தயாரிப்பு ஒய்.ஏ.எம்.-1 மின்சார இன்ஜின்களை வீட்டுப் பெரியவர்கள் மறந்திருக்க மாட்டார்கள். அந்தப் பாதைகளெல்லாம் பிறகு அகலப்பாதை ஆகிவிட்டன. இன்று தமிழ்நாட்டில் மீட்டர் கேஜ் ரயிலில் ஏற வேண்டுமானால் மேட்டுப்பாளையம் போய் நீலகிரி மலை ரயிலைப் பிடிக்க வேண்டும். ஆகவே தாத்தா பார்த்த விழுப்புரம் ரயிலைச் சரியான அளவில் வீட்டில் ஓட்டிப் பார்க்க ஆசைப்பட்டால் இந்த 45 மில்லிமீட்டர் பாதை கச்சிதமாகப் பொருந்தும். இன்றைய 1676 மில்லிமீட்டர் அகலப்பாதை ரயிலை இதே பாதையில் ஓட்ட, இன்ஜினை 37 மடங்குக்கும் சற்று அதிகமாகச் சுருக்க வேண்டும். அந்த அளவில் பெட்டிகள் சிறிதாகி, பேட்டரி வைக்க இடம் குறையும்.

பாதை, பெட்டி, ஸ்டேஷன் பொம்மை எல்லாம் தனிக் கதை. இங்கே பேட்டரியையும் ரிமோட்டையும் தேர்ந்தெடுப்பதை மட்டும் பார்ப்போம். பலரும் கடையில் முதலில் ரிமோட்டைப் பார்த்து மயங்கி வாங்கிவிடுகிறார்கள். பிறகு அதற்கேற்ற ரிசீவர், அதற்கேற்ற பேட்டரி என்று தேடி அலைகிறார்கள். உண்மையில் வரிசை தலைகீழ். ரிமோட்டைக் கடைசியில் வாங்க வேண்டும். ஏன் என்பது போகப் போகப் புரியும்.

தண்டவாளத்தில் கரண்ட் வேண்டாமே

கடையில் வாங்கும் மாடல் ரயில் செட்டுகளில் பெரும்பாலும் தண்டவாளம் வழியாகத்தான் மின்சாரம் போகும். ஒரு தண்டவாளம் பிளஸ், மற்றொன்று மைனஸ். சக்கரம் அதைத் தொட்டு மோட்டாருக்குக் கொடுக்கும். ஹாலில் கார்பெட் மேல் ஓட்டும்போது இது அருமையாக வேலை செய்யும். தோட்டத்தில்தான் பிரச்சினை. வெயிலிலும் ஈரத்திலும் கிடக்கும் பித்தளைத் தண்டவாளத்தின் மேல் ஆக்சைடு படலம் படியும். அது மின்சாரத்தைச் சரியாகக் கடத்தாது. போதாததற்கு புழுதி, வேப்பம்பூ, எறும்பு. தண்டவாளத் துண்டுகள் சேரும் ஒவ்வொரு இடத்திலும் கொஞ்சம் வோல்டேஜ் குறையும். கடைசி மூலைக்குப் போகும்போது ரயில் நடைபோடும். தினமும் துணியும் உப்புத்தாளுமாகத் தண்டவாளத்தைத் துடைத்துக்கொண்டிருந்தால் ரயில் ஓட்டுவது எப்போது?

மழைக்காலத்தைச் சொல்லவே வேண்டாம். 2024 நவம்பர் இறுதியில் ஃபெஞ்சல் புயல் கரையைக் கடந்தபோது திண்டிவனத்துக்குப் பக்கத்தில் உள்ள மயிலத்தில் ஒரே நாளில் ஏறக்குறைய 50 சென்டிமீட்டர் மழை கொட்டியது. அப்படிப்பட்ட ஊரில் தோட்டத்துத் தண்டவாளத்தை மின்கம்பியாக வைத்துக்கொள்வது வீண் வேலை என்பது என் கருத்து.

அசல் ரயிலிலேயே இரண்டு வழியும் உண்டு. மின்சார இன்ஜின் தலைக்கு மேல் போகும் 25,000 வோல்ட் கம்பியிலிருந்து மின்சாரம் எடுக்கிறது. டீசல் இன்ஜின் தனக்கு வேண்டியதைத் தன் டாங்கியிலேயே சுமக்கிறது. நாம் டீசல் வழிக்குப் போகிறோம். டாங்கிக்குப் பதில் பேட்டரி.

இப்படிச் செய்தால் தண்டவாளம் சக்கரத்தைத் தாங்கினால் போதும். பித்தளையே வேண்டுமென்பதில்லை. அலுமினியம், ஏன், பிளாஸ்டிக் பாதையிலும் ரயில் ஓடும். பித்தளைப் பாதையின் விலையை விசாரித்தவர்களுக்கு இதில் எவ்வளவு மிச்சம் என்று புரியும். பாதையை வளைத்துத் திருப்பி அதே பாதையில் சேர்த்தால் பிளஸ்ஸும் மைனஸும் மோதி ஷார்ட் ஆகும் தொல்லையும் இல்லை. ஒன்றை மட்டும் மறக்காதீர்கள். பழைய இன்ஜினை பேட்டரிக்கு மாற்றும்போது சக்கரத்திலிருந்து மோட்டாருக்குப் போகும் வயர்களைக் கட்டாயம் துண்டித்துவிட வேண்டும். இல்லாவிட்டால் கரண்ட் உள்ள நண்பர் வீட்டுத் தண்டவாளத்தில் வைத்த நொடியே உங்கள் சர்க்யூட் புகைந்துவிடும்.

முதல் செலவு: மல்டிமீட்டர்

கம்ப்யூட்டருக்கு யுபிஎஸ் வாங்கும்போது மொத்தம் எத்தனை வாட் தேவை என்று கேட்டுத்தானே வாங்குகிறோம்? இங்கும் அதே கேள்விதான். உங்கள் இன்ஜின் எத்தனை ஆம்பியர் இழுக்கும்? இந்த ஓர் எண் தெரியாமல் எதையும் வாங்கக் கூடாது. மோட்டாரின் வேகத்தைக் கட்டுப்படுத்தும் சர்க்யூட், பேட்டரி, ஃபியூஸ், வயரின் தடிமன் எல்லாம் இதைப் பொறுத்தவை.

அளப்பது சுலபம். 10 ஆம்பியர் அளக்கும் துளை உள்ள மல்டிமீட்டர் வேண்டும். மின்சாரம் கொடுக்க, 600 வி.ஏ. யுபிஎஸ்களில் வழக்கமாக இருக்கும் 12 வோல்ட் 7 ஆம்பியர் அவர் பேட்டரி போன்ற ஒன்று போதும். பேட்டரியின் பிளஸ் முனையிலிருந்து 5 ஆம்பியர் ஃபியூஸ், அதிலிருந்து மீட்டர், மீட்டரிலிருந்து மோட்டார், மோட்டாரிலிருந்து பேட்டரியின் மைனஸ். எல்லாம் ஒரே வரிசையில் சங்கிலி போல வர வேண்டும். ஆம்பியர் துளையில் செருகிய மீட்டரை பேட்டரியின் இரு முனைகளிலும் நேராக வைத்தால் அது ஷார்ட் சர்க்யூட். ஃபியூஸ் இல்லாவிட்டால் வயர் சிவந்து எரியும். கவனம்!

இன்ஜினை ஒரு ரப்பர் பாய் மேல் வைத்து, முன்னால் நகராமல் கையால் தடுத்துப் பிடியுங்கள். சக்கரம் வழுக்கிச் சுழலும்போது மீட்டர் காட்டும் எண்ணைக் குறித்துக்கொள்ளுங்கள். எத்தனை பெட்டி மாட்டினாலும், எத்தனை மேடு ஏறினாலும், சக்கரம் வழுக்கும் வரைக்கும்தான் இன்ஜின் இழுக்கும். ஆகவே சாதாரண ஓட்டத்தில் இதைத் தாண்டாது. அடுத்து, சக்கரத்தை ஒரே ஒரு நொடி முழுதாகச் சுழலவிடாமல் மேலிருந்து அழுத்திப் பிடித்து அந்த எண்ணையும் பாருங்கள். இது ஸ்டால் கரண்ட். சக்கரத்தில் கல் சிக்கிக்கொண்டால் வருவது இதுதான். ஒரு நொடிக்கு மேல் பிடிக்காதீர்கள், மோட்டார் சுருள் கருகும்.

12 வோல்ட்டில் ஸ்டால் கரண்ட் 3 ஆம்பியர் என்று வைத்துக்கொள்வோம். நீங்கள் போடப்போகும் பேட்டரி முழுச் சார்ஜில் 16.8 வோல்ட் என்றால், பள்ளியில் படித்த ஓமின் விதிப்படி ஸ்டால் கரண்டும் அதே விகிதத்தில் 4.2 ஆம்பியர் ஆகும். இதைத் தாங்கும் கன்ட்ரோலர் வேண்டும். சரியாக 4.2 என்று தேடாமல் அதன் இரண்டு மடங்குக்குக் குறையாமல் எடுத்துக்கொள்ளுங்கள். மே மாத வெயிலில், காற்றே போகாத இன்ஜின் கூட்டுக்குள் அது உட்காரப்போகிறது என்பதை மறக்க வேண்டாம்.

பேட்டரி

யுபிஎஸ் பேட்டரியையே வேகனில் ஏற்றிவிடலாமே என்று சிலர் நினைக்கலாம். 12 வோல்ட்டை 7-ஆல் பெருக்கினால் 84 வாட் அவர். எடை இரண்டு கிலோவுக்கு மேல். ஒரு மேடு ஏறுவதற்குள் இன்ஜினுக்கு நாக்கு தள்ளிவிடும். இப்போது லேப்டாப் பேட்டரிகளில் பல வருடங்களாகப் பயன்பட்டு வந்த 18650 லித்தியம் அயான் செல்லைப் பாருங்கள். பெயரிலேயே அளவு இருக்கிறது: விட்டம் 18 மில்லிமீட்டர், நீளம் 65 மில்லிமீட்டர். ஒரு செல் 3.6 அல்லது 3.7 வோல்ட். நான்கைத் தொடராக இணைத்தால் 14.8 வோல்ட், முழுச் சார்ஜில் 16.8. ஒவ்வொன்றும் 2600 மில்லி ஆம்பியர் அவர் என்றால் மொத்தம் 38 வாட் அவர். எடையோ 200 கிராமுக்குள்.

எவ்வளவு நேரம் ஓடும்? நான்கு பெட்டியோடு சமதரையில் சராசரியாக 0.8 ஆம்பியர் இழுக்கிறது என்றால், 2.6-ஐ 0.8-ஆல் வகுக்க மூன்றேகால் மணி. முழுதும் காலியாகும் வரை ஓட்டக் கூடாது என்பதால் ஐந்தில் நான்கு பங்கை எடுத்துக்கொண்டால் இரண்டரை மணி. சாயந்திரம் பிள்ளைகள் அரை மணி ஓட்டுவதற்கு இது தாராளம். பெரிய பேட்டரி வாங்கி இன்ஜினைச் சுமைதூக்கியாக்க வேண்டாம்.

14.8 வோல்ட் போதுமா, பெட்டியில் 24 வோல்ட் என்று போட்டிருக்கிறதே என்று கேட்பீர்கள். அசல் ரயில் மணிக்கு 40 கிலோமீட்டரில் போகிறது என்றால் 22.5 மடங்கு சுருக்கிய ரயில் நொடிக்கு அரை மீட்டர் போனால் போதும். வீட்டுத் தோட்டத்துப் பாதையில் வளைவு 60 சென்டிமீட்டர் ஆரத்தில்தான் பெரும்பாலும் இருக்கும். அங்கே 24 வோல்ட் கொடுத்தால் ரயில் துளசி மாடத்தில்தான் நிற்கும்.

செல் வாங்கும்போது ஏமாறாதீர்கள். ஆன்லைனில் 9900 மில்லி ஆம்பியர் அவர் என்று அச்சடித்த 18650 செல்கள் மலிவாக விற்கும். அந்த அளவுள்ள செல்லில் அவ்வளவு சார்ஜ் அடங்காது. பெயர் பெற்ற நிறுவனங்களின் செல்கள் பெரும்பாலும் 2000 முதல் 3600 வரையில் இருக்கும். சந்தேகம் வந்தால் நகைக்கடைத் தராசு போன்ற சின்னத் தராசில் நிறுத்துப் பாருங்கள். நல்ல செல் 45 கிராம் சுமாருக்கு நிற்கும். 30 கிராம் காட்டினால் உள்ளே பாதி காற்று. அதேபோல, செத்துப்போன லேப்டாப் பேட்டரியைப் பிரித்து செல் எடுக்கும் யோசனையும் வேண்டாம். வெவ்வேறு அளவு தேய்ந்த செல்களைத் தொடராக இணைத்தால் பலவீனமான செல்தான் முதலில் காலியாகி, முதலில் கெட்டு, சில நேரம் முதலில் தீப்பிடிக்கும்.

செல்லை வீட்டில் சால்டரிங் செய்யாதீர்கள். அந்தச் சூடு செல்லின் உள்ளே போகும். நிக்கல் பட்டையை ஸ்பாட் வெல்டிங் செய்து, பி.எம்.எஸ். என்ற பாதுகாப்பு போர்டோடு சேர்த்துக் கட்டிய பேக்காக வாங்குங்கள். சென்னை ரிச்சி தெருவில் விசாரிக்கலாம். விழுப்புரத்திலிருந்தோ திண்டிவனத்திலிருந்தோ எழும்பூர் ரயிலில் போய் இறங்கினால் அங்கிருந்து அதிக தூரமில்லை. பி.எம்.எஸ். நான்கு செல்லுக்கு உரியதா என்று கேட்டு வாங்குங்கள். மூன்று செல் போர்டு நான்கு செல் பேக்குக்கு ஆகாது.

இன்னொரு வழியும் உண்டு. ஹார்டுவேர் கடைகளில் விற்கும் கார்ட்லெஸ் டிரில்லிங் மெஷினின் 18 வோல்ட் பேட்டரி. உள்ளே ஐந்து லித்தியம் செல்கள், சார்ஜரும் கூடவே வரும். பின்னால் ஒரு சரக்கு வேகனில் வைத்து இரண்டு வயரை இன்ஜினுக்கு இழுத்தால் முடிந்தது. ஆனால் சில கம்பெனிகளின் பேட்டரி, சார்ஜ் குறைந்ததும் நிறுத்தும் வேலையை மெஷினிடம் விட்டுவிடுகிறது. அப்படிப்பட்டதை ரயிலில் போட்டால் செல் அடிவரை காலியாகிக் கெட்டுவிடும். ஆகவே வோல்டேஜ் குறைந்தால் நிறுத்தும் போர்டு ஒன்றை நீங்கள் சேர்க்க வேண்டும்.

இப்போது மிக முக்கியமான எச்சரிக்கை. வீட்டில் சும்மா கிடக்கும் லேப்டாப் அடாப்டரைக் கொண்டு இந்த பேக்கைச் சார்ஜ் செய்யாதீர்கள். அது 19 வோல்ட் சுமாருக்குக் கொடுக்கும். லேப்டாப்புக்குள் இருக்கும் சார்ஜிங் சர்க்யூட்தான் அதை அளந்து பேட்டரிக்கு விடுகிறது. அடாப்டருக்கு பேட்டரியைப் பற்றி ஒன்றும் தெரியாது. நான்கு செல் பேக்குக்கு 16.8 வோல்ட் லித்தியம் சார்ஜர் தனியாக வேண்டும். பி.எம்.எஸ். இருக்கிறதே என்று தைரியம் கொள்ள வேண்டாம். பி.எம்.எஸ். கடைசிக் காவல்காரன்தான். தினமும் அவன் தலையில் சுமையேற்றக் கூடாது. வெயிலில் ஓடி வந்த பேக்கைக் கை பொறுக்கும் சூட்டுக்கு ஆறவிட்டுச் சார்ஜில் போடுங்கள். 45 டிகிரிக்கு மேல் சூடான லித்தியம் அயான் செல்லைச் சார்ஜ் செய்யக் கூடாது. சிமெண்ட் தரை, பக்கத்தில் படுக்கை, திரைச்சீலை எதுவும் இல்லாத இடம், வீட்டில் ஒருவர் விழித்திருக்கும் நேரம். இரவு போட்டுவிட்டுத் தூங்குவது கூடவே கூடாது.

பேட்டரியின் பிளஸ் முனைக்கு மிக அருகில் ஃபியூஸ் இருக்கட்டும். கார் எலக்ட்ரிக்கல் கடைகளில் பிளேடு ஃபியூஸ் சில ரூபாய்க்குக் கிடைக்கும். பழுப்பு மஞ்சள் நிறத்தில் இருப்பது 5 ஆம்பியர். அதைப் பிடுங்கி எடுத்துவிட்டால் மெயின் ஸ்விட்ச் அணைத்தது போல.

எந்த அலைவரிசை?

அமெரிக்காவில் கார்டன் ரயில்வே ஆட்கள் அதிகம். வெளிநாட்டு உறவினரிடம் சொல்லி வாங்கிவரச் சொல்ல ஆசை வரும். அங்கேதான் கவனம் தேவை. பெயரிலேயே 900 உள்ள ஏர்வயர் 900 போன்ற கருவிகள் 902 முதல் 928 மெகாஹெர்ட்ஸ் வரையிலான அலைவரிசைக்காகச் செய்யப்பட்டவை. அமெரிக்காவில் அதற்கு லைசென்ஸ் தேவையில்லை. இந்தியாவில் அதில் ஒரு பகுதி செல்போன் கம்பெனிகளுக்கு உரியது. 915 வரை செல்போன் டவருக்குப் பேசும் பகுதி. அங்கே நாம் ரிமோட்டை அழுத்துவது சட்டப்படி தவறு, டவருக்கும் தொல்லை.

2400 முதல் 2483.5 மெகாஹெர்ட்ஸ் வரையிலான பகுதியைக் குறைந்த சக்தியுள்ள கருவிகள் லைசென்ஸ் இல்லாமல் பயன்படுத்த மத்திய அரசு 2005-ல் விதி வெளியிட்டது. வைஃபை, புளூடூத், உங்கள் மவுஸ் எல்லாம் இங்கேதான். ஆகவே 2.4 கிகாஹெர்ட்ஸ் என்று பெட்டியில் எழுதியிருப்பதை மட்டும் வாங்குங்கள். முடிந்தவரை இந்தியக் கடையில் வாங்குவது நல்லது. வயர்லெஸ் கருவிகளை இறக்குமதி செய்ய மத்திய அரசின் டபிள்யூ.பி.சி. பிரிவின் வகை அனுமதி வேண்டும். அந்தத் தலைவலி கடைக்காரருடையதாகவே இருக்கட்டும்.

வீட்டு வைஃபையும் இதே இடத்தில் இருக்கிறதே, மோதாதா? ஹாபி ரிமோட்டுகள் ஒரே இடத்தில் நிற்காமல் அலைவரிசையில் தாவிக்கொண்டே இருக்கும். ஒரு இடத்தில் நெரிசல் என்றால் அடுத்த நொடிக்குள் வேறு பல இடங்களுக்குப் போயிருக்கும். ரிமோட்டையும் ரிசீவரையும் முதல் தடவை ஜோடி சேர்ப்பதை பைண்டிங் என்பார்கள். அதன்பின் பக்கத்து வீட்டு ரிமோட்டுக்கு உங்கள் ரயில் செவி சாய்க்காது.

2.4 கிகாஹெர்ட்ஸுக்கு உண்மையான எதிரி தண்ணீரும் தகரமும்தான். மழையில் நனைந்த வாழை இலைகள் அலையை நன்றாகவே விழுங்கும். தகரக் கூடு போட்ட இன்ஜினுக்குள் ரிசீவரை வைத்தால் அலை உள்ளே போகாது. ரிசீவரின் ஆன்டெனா வயரின் நுனியில் வேலை செய்யும் பகுதி 31 மில்லிமீட்டர் நீளம்தான். அதை மோட்டாருக்கும் பேட்டரிக்கும் தள்ளி, பிளாஸ்டிக் கூரைக்குக் கீழே நேராக நிறுத்துங்கள். மோட்டாரின் இரு முனைகளுக்கும் குறுக்கே 104 என்று எழுதிய செராமிக் கபாசிட்டர் ஒன்றைச் சால்டர் செய்தால் மோட்டாரின் தீப்பொறி எழுப்பும் இரைச்சலும் அடங்கும்.

ரிமோட்: குமிழா, குதிரையா, செல்போனா?

இப்போதுதான் ரிமோட்டுக்கு வருகிறோம். ரேஸ் கார் ரிமோட் துப்பாக்கி வடிவில் இருக்கும். குதிரையை அழுத்தினால் ஓடும், விட்டால் ஸ்பிரிங் அதை நடுவுக்கு இழுத்து நிறுத்திவிடும். ரயிலுக்கு இது சரிவராது. அரை மணி நேரம் விரலை அழுத்திக்கொண்டே இருக்க முடியுமா? விமான ரிமோட்டில் வேகக் குச்சி வைத்த இடத்தில் நிற்கும். ஃப்ளைஸ்கை எஃப்.எஸ்.-ஐ6 போன்றவை இந்த வகை. ஆனால் இதிலும் ஒரு சிக்கல். முன்னும் பின்னும் ஓட்டும் சாதாரண மோட்டார் கன்ட்ரோலர்கள் குச்சி நடுவில் இருந்தால் நில், மேலே போனால் முன்னால், கீழே வந்தால் பின்னால் என்று புரிந்துகொள்ளும். குச்சியை அடியில் வைத்துவிட்டு, நின்றுவிட்டது என்று நீங்கள் நினைக்க, ரயில் முழு வேகத்தில் பின்னால் பாயும்! பல கன்ட்ரோலர்கள் குச்சி நடுவில் இல்லாமல் ஆன் செய்தால் வேலையே தொடங்காது. அதைப் பார்த்து சரக்கு கெட்டுவிட்டது என்று திருப்பி அனுப்புகிறவர்கள் உண்டு.

ரயிலுக்கென்றே செய்த ரிமோட்டில் வேகத்துக்கு ஒரு குமிழ், திசைக்குத் தனி ஸ்விட்ச். குமிழ் பூஜ்யத்தில் இருந்தால் ரயில் நிற்கும். திசையை மாற்றினால் மெல்ல நின்று மெல்லப் புறப்படும். 2.4 கிகாஹெர்ட்ஸில் இப்படி ஒன்று உங்கள் பட்ஜெட்டுக்குக் கிடைத்தால் யோசிக்காமல் வாங்குங்கள். கிடைக்காவிட்டால் கம்ப்யூட்டர் வைத்திருப்பவர்களுக்கு மூன்றாவது வழி இருக்கிறது.

சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கும் ஈஎஸ்பி32 போர்டு. 2016-ல் வெளிவந்த இந்தச் சிப்பில் வைஃபை, புளூடூத் இரண்டும் உண்டு. யுஎஸ்பி கேபிளில் கம்ப்யூட்டரோடு இணைத்து, இலவச ஆர்டுயினோ ஐடிஇ சாஃப்ட்வேரில் புரோகிராம் எழுதி ஏற்றலாம். ஒரு போர்டு இன்ஜினில், இன்னொன்று உங்கள் கையில் ஒரு குமிழோடு. இரண்டும் ஈஎஸ்பி நவ் என்ற முறையில் வைஃபை ரூட்டர் இல்லாமலேயே பேசிக்கொள்ளும். செல்போன் திரையில் ஸ்லைடர் வைத்து ஓட்டலாம், செய்வது இன்னும் சுலபம்தான். ஆனால் மூன்று மணி வெயிலில் திரை தெரியாது. கண் ரயிலில் இருக்கும்போது விரல் ஸ்லைடரைத் தேடாது. குமிழ் என்றால் பார்க்காமலே திருப்பலாம். சாஃப்ட்வேர் எழுதிப் பிழைக்கும் எனக்கே ரயிலுக்கு குமிழ்தான் பிடித்திருக்கிறது.

போர்டு நேரடியாக மோட்டாரை ஓட்டாது, நடுவில் மோட்டார் டிரைவர் வேண்டும். கடைக்காரர் முதலில் எடுத்துத் தருவது எல்298என் ஆக இருக்கும். பழைய சிப். இரண்டு வோல்ட்டுக்குக் குறையாமல் தனக்கே சாப்பிட்டுச் சூடாகும். டிபி6612 நல்ல சிப், ஆனால் அதிகபட்சம் 15 வோல்ட். நம் 16.8-க்குத் தாங்காது. பிடிஎஸ்7960 போர்டு பெரிதாக இருந்தாலும் நாம் அளந்த கரண்டை அலட்டிக்கொள்ளாமல் தாங்கும். ஈஎஸ்பி32-க்கு பேட்டரியிலிருந்து நேராகக் கொடுக்காமல், 5 வோல்ட்டாகக் குறைக்கும் பக் கன்வர்ட்டர் வழியாகக் கொடுங்கள். பார்த்தீர்களா, எந்த டிரைவர் என்பதை முடிவு செய்தது நாம் முதலில் எடுத்த அளவும் பேட்டரி வோல்டேஜும்தான். ரிமோட்டை முதலில் வாங்கியிருந்தால் இந்தக் கேள்விக்கே பதில் கிடைத்திருக்காது.

சிக்னல் போனால்?

ரிமோட்டின் பேட்டரி தீர்ந்துவிடுகிறது. அல்லது ரயில் கிணற்றடித் திருப்பத்துக்கு அப்பால் போய்விடுகிறது. அப்போது ரயில் என்ன செய்யும்? இதற்கு ஃபெயில்சேஃப் என்று பெயர். வாங்கும் முன் கடைக்காரரிடம் கேட்க வேண்டிய கேள்வி இது. சில ரயில் ரிசீவர்கள் வேண்டுமென்றே கடைசி வேகத்தில் ஓடிக்கொண்டே இருக்கும். சுற்றி வந்தால் சிக்னல் மீண்டும் கிடைக்கும் என்ற எண்ணம். வட்டப் பாதைக்கு அது சரி. முடிவுள்ள பாதைக்கு, மொட்டை மாடிக்கு, தவழும் குழந்தை இருக்கும் வீட்டுக்கு ஆகாது. நிற்கும்படிதான் அமைக்க வேண்டும். நீங்களே புரோகிராம் எழுதினால், ஒரு நொடிக்கு மேல் கட்டளை வராவிட்டால் மோட்டாரை நிறுத்து என்ற வரிகளை முதலில் எழுதுங்கள். விளக்கு, ஹாரன், ஒய்.பி. நீராவி இன்ஜின் சத்தம் எல்லாம் பிறகு.

சோதிப்பதும் எளிது. இன்ஜினை இரண்டு மரக்கட்டைகளின் மேல் சக்கரம் தரையில் படாமல் தூக்கி வைத்து, அரை வேகத்தில் சுழலவிட்டு, ரிமோட்டை ஆஃப் செய்யுங்கள். சக்கரம் நிற்கிறதா? நின்றால் மறுபடி ஆன் செய்து, ரிமோட்டோடு தோட்டத்தின் கடைசி மூலைக்கு நடந்து, வாழை மரத்துக்குப் பின்னால் நின்று ஓட்டிப் பாருங்கள். அங்கும் சொன்னபடி கேட்டால் தண்டவாளத்தில் இறக்கலாம். முதல் நாள் மூன்று பெட்டிக்கு மேல் மாட்டாதீர்கள். பத்து நிமிடம் ஓடியதும் நிறுத்தி, டிரைவர் போர்டையும் பேட்டரியையும் தொட்டுப் பாருங்கள். தொடமுடியாத சூடு என்றால் அளந்ததில் எங்கோ தவறு இருக்கிறது, மீட்டரை மறுபடி எடுங்கள்.

ஐப்பசி பிறந்து மழை பிடித்தால் ரயிலை வீட்டுக்குள் கொண்டுவந்துவிடுங்கள். ஃபியூஸைப் பிடுங்கி வையுங்கள். பேக்கை முழுச் சார்ஜிலும் விட வேண்டாம், காலியாகவும் விட வேண்டாம். செல் ஒன்றுக்கு 3.7 அல்லது 3.8 வோல்ட், அதாவது நான்கு செல் பேக் 15 வோல்ட் பக்கத்தில் இருக்கும்படி வைத்து, டப்பாவில் போட்டு, வெயில் படாத அலமாரியில் வைக்கலாம். தை பிறந்ததும் எடுத்து வோல்டேஜைப் பாருங்கள். அப்போதும் 14-க்கு மேல் இருந்தால் சார்ஜில் போட்டு ஓட்ட ஆரம்பிக்கலாம். 12-க்குக் கீழே இறங்கியிருந்தால் அந்த பேக்கைச் சார்ஜ் செய்யவே வேண்டாம். குப்பைத் தொட்டியில் எறியாமல் மின்கழிவு வாங்குபவரிடம் கொடுத்துவிடுங்கள்.